பார்த்த தேதி

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. அவள் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. என்னை வாய் நிறைய அக்கா என்பாள், டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் கரண்டியை என் மூடியில் வைப்பாள். பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

எங்கள் அலுவலகம் மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. நாங்கள் செய்வது விசித்திரமான வேலை. ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒருவன் போய் இறங்கி, என் ஊருக்குத் திரும்பிப் போனால் எனக்கு ஆபத்து, இங்கே இருக்க இடம் கொடுங்கள் என்று கேட்கிறான். அவன் சொல்வது மெய்தானா என்று அங்கே உட்கார்ந்திருக்கிற நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அந்த ஊரில் இப்போது என்ன நிலைமை, யார் யார் இருக்கிறார்கள், ராணுவம் போய்விட்டதா, போலீஸில் புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேள்விகள் எங்களுக்கு வரும். நாங்கள் பத்திரிகை, அரசாங்க அறிவிப்பு, வீடியோ, கோயில் நோட்டீஸ் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்புப் போட்டு அறிக்கை எழுதுவோம். யார் பக்கமும் சாய்வதில்லை. அறிக்கை முடிந்ததும் அவனுடைய வக்கீலுக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். கேட்டவனுடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஒரு கோப்பு எண், வயது, தொழில், ஊர், அவ்வளவுதான்.

நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் பார்க்காத தேசங்களில் எந்த ரோட்டில் எங்கே செக்போஸ்ட் இருக்கிறது என்று சொல்லுவேன். சில நாட்களில் கோப்புக்காரர்கள் மேலேயே எனக்குப் பொறாமை வந்துவிடும். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்தில் தண்ணீர் வருகிறதா, சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வருகிறதா என்று உலகத்தில் எவனாவது இவ்வளவு அக்கறையாக விசாரித்து அடிக்குறிப்புப் போட்டிருக்கிறானா?

எனக்கு இந்த வேலை கிடைத்ததே தமிழ் படிக்கத் தெரியும் என்பதால்தான். முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கவில்லையே என்று அம்மாவிடம் சண்டை போடாத வாரம் கிடையாது. கடைசியில் அந்தத் தமிழ்தான் சோறு போட்டது. இலங்கைக் கோப்பு எது வந்தாலும் தமிழில் இருக்கிறதையெல்லாம் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

அவள் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரி. வீட்டில் தமிழ், வெளியே ஹிந்தி, அலுவலகத்தில் அப்படியொரு இங்கிலீஷ். ஆனால் தமிழ் படிக்க வராது. கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். நான் படித்துச் சொல்லுவேன், அவள் எழுதுவாள். அறிக்கையின் கீழே 'தயாரித்தவர்' என்று அவள் பெயர் வரும். என் பெயர் வராது. 'மொழி உதவி' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நோகாமல் நுங்கு தின்பது என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். அவள் நுங்கு தின்றாள், மரம் ஏறினது நான். எங்கள் மேலதிகாரி தானேவிலிருந்து வருகிற மராட்டிக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் மீட்டிங்கில் நான் ஒன்றைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அவளைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார். நான் சொன்னதையே அவள் திருப்பிச் சொல்லுவாள். அப்போது எழுதிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கோப்புகளைக் கேட்பாள். வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. பெயரோ நம்பரோ சொல்லாமல் கதையை மட்டும் சொல்லுவேன், அதுவும் தப்புதான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, டிவி சீரியல் பிடிக்காது, என் கோப்புகள்தான் சீரியல். வளையல் கடைக்காரன், வாத்தியார் பொண்டாட்டி, லாரி ஓட்டினவன் என்று ஒவ்வொருவருக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். கதை முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"உன் பேரு போட்டாவளாட்டி?"

இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அந்தக் கோப்பில் இருந்தவனுக்கு அம்மா வைத்த பெயர் மீன்காரன். இலங்கையின் வடக்கில் ஒரு கடலோர ஊர், மீன்பிடித் தொழில், வயது நாற்பத்துச் சொச்சம். ஊரைச் சுற்றி வேலி போட்டு ராணுவம் எடுத்துக்கொண்டதும் சின்ன வயதிலேயே வெளியேறியவன். இப்போது அந்தக் குளிர் தேசம், உன் ஊரை விட்டுக் கொடுத்துவிட்டார்களாமே, ஜனங்கள் திரும்பிப் போய்விட்டார்களாமே, நீயும் போ என்கிறது. எங்களுக்கு வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில் ஜனங்கள் திரும்பிப் போய்க் குடியிருக்கிறார்களா, இல்லையா? இருக்கிறார்கள் என்றால் அவனை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். விசாரணை செவ்வாய்க்கிழமை. அறிக்கை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் போக வேண்டும்.

அதை மேலதிகாரி அவளுக்குக் கொடுத்தார். இங்கிலீஷிலேயே நிறையக் கிடைக்கிறது, தமிழ் அவ்வளவாகத் தேவைப்படாது என்றார். அவள் அரசாங்க அறிவிப்பை எடுத்தாள், ஊரின் இத்தனை பகுதி விடுவிக்கப்பட்டது என்றிருந்தது. பிறகு அந்த ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்து வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்தாள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். பெண்கள் குடம் எடுத்து வருகிறார்கள், கோபுரத்தின் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பிள்ளைகள் தோளில் உட்கார்ந்திருக்கின்றன. ஜனங்கள் திரும்பிவிட்டார்கள், வாழ்க்கை சகஜமாகிவிட்டது என்று எழுதிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துத் தரேளா?"

உன் இங்கிலீஷில் நான் என்ன பார்க்கப் போகிறேன், எனக்கு வேறு வேலை கிடக்கிறது என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. சரி அக்கா என்று போய்விட்டாள். அந்தச் சுருக்கம் எனக்கு அரை கிளாஸ் கட்டிங் டீ குடித்த மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தல்களைப் படிப்பேன். யாரும் சொல்லிச் செய்வதல்ல. ஆரம்பத்தில் ஏதோ கோப்புக்காகப் பார்த்து, அப்புறம் விட முடியவில்லை. நம் பக்கத்து இரங்கல் விளம்பரம் போல இல்லை அது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று ஆரம்பிக்கும். யாருடைய மகள், யாருடைய மனைவி, பிள்ளைகளில் யார் எந்த தேசத்தில் என்று ஒருத்தரை விடாமல் வரும். கடைசியில், கிரியைகள் எந்த வீட்டில் நடக்கும், பூதவுடல் தகனத்துக்காக எந்த மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் என்று எழுதியிருக்கும். ஒரு ஊரின் நிலைமையை எந்த அரசாங்கத்தைவிடவும் சரியாக எழுதுகிறவர்கள் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் என்று நான் நினைப்பேன். இதை மீட்டிங்கில் ஒரு தடவை சொன்னேன். மேலதிகாரி தலையை ஆட்டினார்.

அன்று படித்ததில் ஒன்று மீன்காரனுடைய ஊர். ஒரு வயதான அம்மாள். பிறப்பிடம் அந்த ஊர். வதிவிடம், அதாவது குடியிருந்தது, நாலு மைல் தள்ளி வேறு ஊர். அதில் ஆச்சரியமில்லை. ஆனால் எரிக்கக் கொண்டு போனது மூன்றாவதாக ஒரு ஊரின் மயானத்துக்கு. நான் பின்னோக்கிப் போனேன். போன வருஷத்து அறிவித்தல்கள், அதற்கு முந்தின வருஷத்தவை. அந்த ஊரில் பிறந்து அந்தப் பக்கத்திலேயே செத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரைக்கூட அந்த ஊர் மயானத்தில் எரிக்கவில்லை. ஒருவருக்குக்கூட வதிவிடம் அந்த ஊர் இல்லை. கும்பாபிஷேகம் நடந்த அதே வாரத்தில் இறந்த ஒருவரையும் வெளியேதான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

சாமி கும்பிட எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். திருவிழாவுக்கு மட்டும் வேலியைத் திறந்துவிட்டு, சாயங்காலம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடலாம். ஆனால் சொந்த ஊர்ச் சுடுகாடு பக்கத்தில் இருக்கும்போது எவனும் பிணத்தை அடுத்த ஊருக்குத் தூக்கிப் போக மாட்டான். அந்த ஊரில் யாரும் இல்லை. அவள் எழுதியது தப்பு.

எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். மறைத்துப் பிரயோஜனமில்லை, சந்தோஷம்தான். அதில் இன்னொரு இனிப்பும் கலந்திருந்தது. அந்த வருஷம்தான் அவள் தன் குடும்பத்தோடு பாலக்காட்டுப் பக்கம் தேருக்குப் போய்விட்டு வந்து போனில் படம் காட்டினாள். தேரைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். அடுத்த படத்தில் தெரு முழுக்கப் பூட்டின வீடுகள். எங்க கிராமத்துல இப்போ யாருமே இல்லை அக்கா, தேருக்கு மட்டும் பாம்பே, கல்யாண்னு எல்லாரும் கிளம்பிப் போவோம் என்று அவளே சொன்னாள். கோயில் நிறைந்தும் தெரு காலியாகவும் இருக்க முடியும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. அவள்தான் இப்படி எழுதினாள்.

அப்போது மணி நாலு. அறிக்கை போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் ஆறடி தூரத்தில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிவித்தல்களை எல்லாம் பிரிண்ட் எடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு அவளிடம் போகவில்லை. என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். போகட்டும், அவள் பெயரோடு போகட்டும், திங்கட்கிழமை மேலதிகாரிக்கு முன்னால் இதைப் பரப்பி வைக்கலாம் என்று நினைத்தேன். கீழே போய் மிட்டாய்க் கடைக்கு எதிரே நின்று டீ குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். அனுப்பிட்டேன் அக்கா, உங்களை நெனச்சுண்டே அனுப்பினேன் என்றாள். வீட்டுக்குத் திரும்ப, சயானுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் சீட் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மீன்காரன் கதை எதுவரைக்கும் வந்தது என்று கேட்டாள். முடிந்துவிட்டது, அநேகமாக அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஊருல சொக்காரன் சொந்தக்காரன் யாரும் இருக்கானா அவனுக்கு?"

"அந்த ஊர்ல ஒருத்தருமே கெடையாதும்மா. இன்னும் வேலிதான் கெடக்கு."

"பொறவு யாருட்ட அனுப்புதானுவ?"

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். கோபமோ இரக்கமோ அதில் இல்லை. பார்சல் அனுப்பினால் வாங்குவதற்கு ஆள் வேண்டாமா என்று கேட்கிற கேள்வி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவன் என் கணக்கிலேயே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கில் அலுவலகத்தில் இருக்கிற அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம். ஒரு மனுஷனை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும், அவளுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இவ்வளவுக்கு அப்புறமும் அவளிடம் முதலில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை மேலதிகாரி வந்ததும் அவரிடம் போனேன். அவர் அவளைக் கூப்பிட்டார். காகிதங்களைப் பரப்பி ஹிந்தியில் விளக்கினேன். எத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேனோ, அந்த நேரம் வந்தே விட்டது. அவள் அழவில்லை, சமாளிக்கவும் இல்லை. அறிவித்தல்களைத் தமிழிலேயே வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். மூன்றாவது மயானம் வந்ததும் போதும் என்று கையைக் காட்டினாள்.

"நாங்க தேருக்குப் போற மாதிரிதான் அக்கா இது. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

உடனே உட்கார்ந்தாள். முதல் அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறோம் என்று இரண்டு தரப்புக்கும் எழுதினாள். புது அறிக்கையை நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தாள். தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தாள். தன் பெயரை எடுத்துவிட்டாள். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக நான் கேட்டது அந்த ஒரு வரி. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான், பாலைத்தான் குடிக்க முடியவில்லை.

அடிக்குறிப்பு வந்தது. எங்கள் வேலையில் எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அதை எந்தத் தேதியில் பார்த்தோம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். அது இல்லாத ஆதாரத்தை நீதிபதிகள் ஏற்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் இதை முதல் நாள் சொல்லிக் கொடுப்பேன். அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"பார்த்த தேதி என்ன போடட்டும் அக்கா?"

நேற்று என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

அவள் அடிக்கப் போனாள். பக்கத்தில் அறிக்கையோடு இணைத்து அனுப்ப வேண்டிய காகிதங்கள் இருந்தன. பிரிண்ட் எடுத்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதியும் நேரமும் விழும். ஒவ்வொரு தாளிலும் வெள்ளிக்கிழமை, நாலு மணி பத்து நிமிஷம் என்று இருந்தது. ஊரார் காகிதத்தில் எல்லாம் தேதியைத் தேடிப் பிடிக்கிற எனக்கு என் காகிதத்தின் ஓரம் தெரியவில்லை. அவள் அதைப் பார்த்தாள். அடுத்த தாளைப் புரட்டி அதையும் பார்த்தாள். மேலதிகாரி எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை போதும். மூன்று நாளைக்கு முன்னால் எனக்குக் கிடைத்த அதே சந்தர்ப்பம் அவளுக்கும் கிடைத்தது.

அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். கீபோர்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே போட்டுடுங்கோ."

எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பொய்த் தேதி போட்டால் தாள் காட்டிக் கொடுக்கும், தாள் காட்டிக் கொடுத்தால் எல்லா அறிவித்தல்களும் செல்லாமல் போகும், மீன்காரன் விமானம் ஏறுவான். நான் வெள்ளிக்கிழமைத் தேதியை அடித்தேன். ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் அடித்தேன். இதைச் சத்தியம் பேசியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேறு வழி இருந்திருந்தால் அதில் போயிருப்பேன்.

மழை முடிந்து வெயில் வந்த பிறகு தீர்ப்பு வந்தது. பொதுவாக முடிவை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. இதை அந்த வக்கீல் அனுப்பியிருந்தார். மீன்காரன் அங்கேயே இருக்கலாம். அந்த ஊர் இன்னும் குடியிருக்கக் கூடிய இடமில்லை என்பதை மரண அறிவித்தல்களை வைத்து ஏற்பதாக நீதிபதி எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி. எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியபடி, இவற்றைக் கண்டுபிடித்த இந்த ஆய்வாளர், முதல் அறிக்கை அனுப்பப்படுவதற்கு முன்பே இதை அறிந்திருந்தும் சொல்லவில்லை என்பது தாள்களின் தேதி, நேரத்திலிருந்து தெரிகிறது. அதற்கு எந்த விளக்கமும் தரப்படவில்லை. இந்த ஆய்வாளர் என்பதற்கு முன்னால் என் முழுப் பெயர். அப்பா பெயரோடு.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு அதிகம் பேசவில்லை. பெயர் கீழே வருகிற வேலை ஒரு வருஷத்துக்கு எனக்கு இல்லை என்றார். நியாயம்தான். அவள் இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து பார்த்துத் தரேளா என்று நிற்கிறாள். பார்த்துத் தருகிறேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முன்னாலெல்லாம் அவள் இங்கிலீஷ் மேல் இருந்தது. இப்போது அந்தக் கீபோர்டைத் தள்ளின கை மேல் இருக்கிறது. இங்கிலீஷாவது கற்றுக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்த அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மீன்காரன் தப்பித்தான் என்றேன். நல்லது, நல்லது என்று இரண்டு தடவை சொன்னாள். நான் அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்திருக்கக் கூடாது. எடுத்துவிட்டேன்.

"உன் பேரு போட்டாவளாட்டி?"

போட்டிருக்கிறது என்றேன்.

"எங்கன?"

காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். நான் காட்டிய வரியின் மேல் விரலை வைத்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் மெதுவாகத் தடவினாள். ஒரு வரி பூராவுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.